இடுப்புப் பட்டிக்குள் ஒரு பாக்கெட்

திருவண்ணாமலையில் ஒரு காலத்தில் பேண்ட் போட்ட ஆண்களில் பாதிப் பேர், எதற்கென்றே தெரியாத ஒரு பாக்கெட்டோடு மலை சுற்றிக்கொண்டிருந்தார்கள். அத்தனைக்கும் காரணம் ஒரே ஆள். பாக்கெட் டெய்லர்.

தேரடித் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர் கடை. பெயர்ப் பலகையில் பெயரை வெயில் தின்றுவிட்டு ‘டெய்லர்’ என்பதை மட்டும் விட்டுவைத்திருந்தது. யார் துணி கொடுத்தாலும் இடுப்புப் பட்டிக்குள், இடது பக்கம், இரண்டு விரல் நுழையும் அளவில் ஒரு பாக்கெட் வைத்துவிடுவார். எதற்கென்று கேட்டால், “இருந்துட்டுப் போவட்டுமே. கூலியா கேட்டேன்?” என்பார்.

எதற்கென்று எனக்குத் தெரிந்தது என் வேலையால். புது நூற்றாண்டு பிறந்த சமயம் அது. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடும் என் அப்பா, “பையன் கவர்மெண்ட் மாதிரி ஒண்ணுல இருக்கான்” என்று ஊரில் சொல்லிவைத்திருந்தார். உண்மையில் நான் எய்ட்ஸ் தடுப்பு நிறுவனம் ஒன்றில் களப்பணியாளன். ஆண்களை விரும்பும் ஆண்களைச் சந்தித்து ஆணுறையும் ஆலோசனையும் கொடுக்க வேண்டும்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜ் ஒன்றில் ஞாயிறு மத்தியானங்களில் அப்படி ஒரு கூட்டம் சேரும். முதலில் பிராந்தி. சிலருக்கு அதோடு தூக்க மாத்திரை. பிறகு ஜோடி ஜோடியாக அறைகள். சரக்கு உள்ளே போனால்தான் கூச்சம் போகிறது என்றார்கள். கூச்சத்தோடு ஆணுறை ஞாபகமும் போய்விடும் என்பதுதான் சிக்கல்.

முதல் நாள் நான் மதுவின் தீமைகள் பற்றி நீண்ட உரை ஆற்றினேன். மரியாதையாகக் கேட்டார்கள். அடுத்த ஞாயிறு லாட்ஜை மாற்றிவிட்டார்கள்.

தேடிப்பிடித்துப் போனால், புது லாட்ஜின் வராந்தாவில் ஸ்டூல் போட்டுப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார் நம் டெய்லர். அவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். ஆனால் குடிக்க மாட்டார்.

“வா ஆபீசரே. குடிக்காதனு சொன்னா லாட்ஜ மாத்துவானுங்க. இடுப்புப் பாக்கெட்ல ஆணுறைய வச்சிக்கினு குடினு சொல்லு, வச்சிக்குவானுங்க.”

“பாக்கெட்ல இருந்தா மட்டும் போட்டுக்குவாங்களாண்ணா?”

“போதையில மூள தேடாதுபா, கை தேடும். கை போற எடத்துல இருக்கணும். அதான் தொழிலு.”

அவர் ஒவ்வொருவர் இடுப்பையும் தட்டிப் பார்த்த பிறகுதான் பாட்டில் மூடி திறக்கும். அதற்கு முன் இட்லி. சரக்கும் தூக்க மாத்திரையும் சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடலாம் என்று நான் சொன்னதும், மாத்திரைகளை வாசலிலேயே பிடுங்கிப் பட்டன் டப்பாவில் போட ஆரம்பித்தார். எவனாவது மட்டையானால், “மல்லாக்கப் படுக்காதடா, வாந்தி மூச்சுல ஏறிக்கும்” என்று ஒருக்களித்துப் புரட்டிவிட்டு, தலைமாட்டில் ஸ்டூலைப் போட்டுக்கொள்வார். எனக்கு ஒரு டெய்லரும் அவருக்கு ஓர் ஆபீசரும் கிடைத்த திருப்தியில் இருவரும் திரிந்தோம்.

ஒரு நாள் ஹெட்மாஸ்டர் ஒருவரின் மனைவி, கணவரின் பேண்ட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். “இன்னாங்க இது? இதுல எத்த ஒளிக்கிறாரு எங்க வூட்டுக்காரரு?”

டெய்லர் கண் இமைக்கவில்லை. “விபூதி பொட்டலம்மா. கிரிவலம் போறப்ப வேர்வையில நனையாது.”

அந்தம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். மறுவாரம் தன் அண்ணன், தம்பிகளின் பேண்ட்களையும் கொண்டுவந்தார். தெருவே வந்தது. ‘விபூதி பாக்கெட்’ ஊரெல்லாம் பரவியது. அதற்குப் பிறகு எங்கள் ஆட்களை எந்த வீட்டிலும் யாரும் சந்தேகமாகப் பார்க்கவில்லை.

எல்லாம் நன்றாகப் போனபோதுதான் அந்தப் பாக்கெட்டுக்குள் ஒரு தடுப்பைக் கண்டேன். ஒரு பக்கம் ஆணுறை, மறுபக்கம் தேங்காய் எண்ணெய்ப் பொட்டலம்.

“வழுக்கறதுக்குபா. சொந்த ஐடியா” என்றார் பெருமையாக.

நான் ஓர் ஆணுறையைப் பலூன்போல ஊதி, மேலே எண்ணெயைத் தடவினேன். கொஞ்ச நேரத்தில் ‘டப்’. “எண்ணெ பட்டா ரப்பர் இத்துப்போயிடும்ணா” என்றேன்.

“எத்தினி பேருக்குக் குடுத்துட்டேன், ஆபீசரே!”

அன்றைக்கே எண்ணெய் வேட்டை தொடங்கியது. பஸ் ஸ்டாண்டில், மாமனாரோடு நின்றிருந்த எங்கள் ஆள் ஒருவனை எட்டிப் பிடித்து, “பேண்ட்ட கழட்டுடா!” என்றார். மாமனார் திகைக்க, “தையல் பிரிஞ்சிருக்குங்க, நடுரோட்டுல மானம் பூடும்” என்று கழிப்பறைக்குள் இழுத்துப் போனார். பதற்றத்தில் ஹெட்மாஸ்டரையும் விடவில்லை. அவரிடம் விபூதிதான் இருந்தது. அதையும் உதறிக் கொட்டிவிட்டார்.

கடைசியாக மணி அகப்பட்டான். கீழ்பென்னாத்தூருக்கு ஷேர் வேன் ஓட்டுபவன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திலேயே இளையவன். அவன் பாக்கெட்டில் எண்ணெய் இல்லை.

“தீந்துபோச்சுண்ணா. அன்னிக்கு ஒண்ணு கிழிஞ்சிது. போதையில சிரிச்சிக்கினே வுட்டுட்டோம்.”

யாரும் சிரிக்கவில்லை. உடனே ஒரு பரிசோதனை, மூன்று மாதம் கழித்து இன்னொன்று, அதற்குப் பிறகுதான் உறுதி என்று விளக்கினேன். “கிருமி இருந்தாலும் பயப்படாத மணி, அதோட நல்லா வாழ்றவங்க இருக்காங்க” என்றேன். மணி தலையாட்டினான். டெய்லருக்குத்தான் அது இறங்கவில்லை.

முதல் பரிசோதனையில் எதுவுமில்லை. அதற்கும் அவர் சிரிக்கவில்லை. பாக்கெட் தைப்பதையே நிறுத்திவிட்டார். கேட்டவர்களிடம் கையை நீட்டி, “இது தப்புக் கைங்க” என்பார். ஞாயிறு மட்டும் தவறாமல் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். நிறுவனத்திலிருந்து நான் வாங்கிவந்த, தண்ணீரில் கரையும் ஜெல்லி டியூபை ஒவ்வொருவர் கையிலும் திணித்தார். ஆனால் பட்டன்கூடத் தைக்கவில்லை. மணியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இரண்டாவது பரிசோதனை முடிவு வரும் நாளில் ஆஸ்பத்திரி வராந்தாவில் மூவரும் நின்றோம். உள்ளே போன மணி, சீட்டோடு திரும்பி வந்தான்.

“ஒண்ணும் இல்லியாம்ண்ணா.”

டெய்லர் அவன் முதுகில் ஓர் அறை வைத்தார். “போடா, எண்ணெச் சட்டி!” சொல்லிவிட்டு அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, அத்தனை பேர் முன்னால் என் சட்டையைத் தூக்கினார்.

“இன்னா ஆபீசரே! ஊருக்கெல்லாம் சொல்ற, ஒனக்குப் பாக்கெட்டு இல்ல?”

“ரெடிமேட்ண்ணா.”

“நட கடைக்கு. கழட்டு.”

அன்று மத்தியானம் அவருடைய லுங்கியைக் கட்டிக்கொண்டு கடை வாசலில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே, மூன்று மாதம் கழித்து, மெஷின் அந்தப் பாக்கெட்டுக்காக ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் பேண்ட் இப்போது என் இடுப்பில் ஏறுவதில்லை. புதுசு எடுக்கும்போதெல்லாம் சந்துக்குள் போகிறேன். “வேற நல்ல துணில தச்சித் தரேன்பா” என்று ஒவ்வொரு தடவையும் சண்டை போடுவார். நான் விடமாட்டேன், அந்தப் பழைய பாக்கெட்டையே பிரித்து, புதுப் பேண்ட்டில் வைக்கச் சொல்கிறேன்.