கண்ணீருடன்: கீபோர்டு, மவுஸ், பிரிண்டர்

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்துவிட்டார் என்று டாக்டர் சொன்னால் அது பாதிச் செய்திதான். கோத்தகிரியில் அவருக்கு ஃப்ளெக்ஸ் கட்டிய பிறகுதான் ஆள் முழுதாக இறக்கிறார். பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து "அட, இவரா" என்று உச்சுக்கொட்டுவார்கள். படம், பெயர், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், இவ்வளவுதான் அவர்களுக்கு வேண்டும். நடுவில் இருக்கும் பத்தியை யாரும் படிப்பதில்லை. அதற்கும் கீழே இருக்கும் பெயர் வரிசையை, அதில் தன் பெயர் எங்கே என்று தேடுகிறவர் மட்டும் படிப்பார்.

அப்படித் தேடுகிற ஒருவருக்காக நான் ஒரு ஃப்ளெக்ஸ் செய்தேன். அதன் பிறகு, ஒருவரைத் தவிர, எங்கள் குடும்பத்தில் யாரும் என்னை நம்பி ஒரு பிறந்தநாள் வாழ்த்தைக்கூட டைப் செய்யச் சொல்வதில்லை.

நான் கணினிப் பொறியியல் படித்தவள். கோத்தகிரிக்கு மேலே ஒரு தேயிலை ஃபேக்டரி அலுவலகத்தில் வேலை. நியமன உத்தரவில் பதவிக்கு நீளமான பெயர் உண்டு. எல்லோரும் சொல்வது "சிஸ்டம் பாக்கற பொண்ணு". எதையும் வரிசை போட்டுச் செய்வது என் பழக்கம். மேலிருந்து கீழே, ஒவ்வொன்றாக, முடிந்ததும் டிக். (பல் தேய்ப்பதற்கும் டிக் போட்டிருக்கிறேன். அதை விடுங்கள்.)

அந்தச் சமயத்தில் கணினிகளுக்குப் புது ஓ.எஸ்., அதாவது கணினியை இயக்கும் மென்பொருள், வந்தது. பழையதற்கு இனி பராமரிப்பு கிடையாது, எல்லோரும் புதியதற்கு மாறுங்கள் என்று அந்தக் கம்பெனி அறிவித்தது. எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் நகைச்சுவை பொங்கி வழிந்தது. ஸ்டார்ட் பட்டனை மூலையிலிருந்து நடுவுக்கு மாற்றியதைப் பற்றி, "சொல்லாம கொள்ளாம பஸ் ஸ்டாப்பை மாத்துன மாதிரி இருக்கு, நான் இன்னும் பழைய இடத்துலதான் நிக்கறேன்" என்று குமாஸ்தா சகாயம் அண்ணன் எழுதினார். எங்கள் கணினிகளில் பாதிக்குப் புது ஓ.எஸ். ஏறும் தகுதியே இல்லை என்று திரையில் வந்தது. "பொண்ணு பாக்க வந்துட்டு பஜ்ஜியைத் தின்னுட்டுச் சொல்ற மாதிரியே சொல்லுது" என்றார் இன்னொருவர். தகுதி இருந்தவையும் அதைப் போட்டதும் அடுப்பாகக் காய்ந்தன. இலை வாட்டுகிற இடத்துக்கு இரண்டு கம்ப்யூட்டரைத் தூக்கிப் போனால் விறகு மிச்சம் என்று ஃபேக்டரி ஆட்கள் கேட்டார்கள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். எல்லோரையும் விடப் பெரிய நகைச்சுவையாக நானே செய்கிறேன் என்று உட்கார்ந்தேன். பழைய ஓ.எஸ்.ஸுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி. கறுப்புச் சட்டகம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மூலைகளில் ரோஜா, நடுவில் இந்தப் பத்தி:

"எங்களோடு நெடுங்காலம் உழைத்தவரும், அவசர வேலை நேரத்தில் மட்டும் அசையாமல் நின்றுவிடுபவரும், எத்தனை முறை அணைத்தாலும் மீண்டும் எழுந்து வந்தவருமான அன்னார், பராமரிப்பு நிறுத்தப்பட்டதால் காலமானார். கண்ணீருடன்: கீபோர்டு, மவுஸ், பிரிண்டர் (வழக்கம்போல் தாமதமாக வருவார்) மற்றும் புதியவரை நம்பாத சொந்தபந்தங்கள்."

குழுவில் சிரிக்கும் முகங்கள் வரிசைகட்டின. மேனேஜர்கூட ஒன்று போட்டார். அந்தப் பெருமிதத்தோடு என் கணினியில் நானே புது ஓ.எஸ்.ஸை ஏற்றினேன்.

அடுத்த வாரம் பெரியப்பா இறந்தார்.

அம்மாவின் அக்காவுடைய கணவர். ஃபேக்டரியில் இலை லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். காலையில் எழுந்து, தண்ணீர் காயவைத்து, அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவர்களுக்கு ஒரே மகள், மேகலா அக்கா, திருப்பூரில் வாழ்க்கைப்பட்டவள். மகன் இல்லை. கொள்ளி வைக்க உரிமையுள்ளவர் பெரியப்பாவின் தம்பி துரைசாமி. அவர் இந்த வீட்டு வாசலை மிதித்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. காரணம், மேகலா அக்காவின் கல்யாணப் பத்திரிகை. அதில் அவர் பெயர் தாய்மாமன் பெயருக்குக் கீழே போய்விட்டது. பத்திரிகையைக் கையில் வாங்கிப் பார்த்தவர், கல்யாணத்துக்கு வரவில்லை. பெரியப்பா மூன்று தடவை மேட்டுப்பாளையத்தில் அவர் வீட்டுக்குப் போய், அவரைப் பார்க்க முடியாமல் திரும்பி வந்தார்.

பெரியம்மா அழுது ஓய்ந்த ஒரு இடைவெளியில் என் கையைப் பிடித்தார்.

"கண்ணு, ஃப்ளெக்ஸ்ல கொழுந்தனாரு பேரை மொதல்ல போடு. என்ற பேருக்கும் மேல."

"வருவாருங்களா, பெரியம்மா?"

"சேதி சொல்லியாச்சு. வருவாரு. வந்தா பேரைத்தான் பாப்பாரு. மேல இருந்தா எறங்கி உள்ள வருவாரு. அவரு கையால கொள்ளி வெக்கோணும்னு உங்க பெரியப்பா கும்பிடாத சாமி இல்ல."

வேறு யார் பொறுப்பிலும் இதை விட மனமில்லாமல் நானே அலுவலகத்துக்கு ஓடினேன். சட்டகம், விளக்கு, ரோஜா எல்லாம் தயாராக என்னிடம் இருக்கின்றனவே. அந்தக் கோப்பைத் திறந்தேன். மேலிருந்து கீழே வேலையைத் தொடங்கினேன். முதலில் படம். பெரியப்பா தனியாக நின்று எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. கோயில் நோம்பித் திருவிழாவில் எடுத்த பழைய படம் ஒன்றிலிருந்து அவரை வெட்டி எடுத்தேன். பக்கத்தில் நின்றவர் வெட்டில் போய்விட்டார். ஆனால் அவர் பெரியப்பாவின் தோளில் போட்டிருந்த கையை எடுத்தால் தோளும் சேர்ந்து போனது. கையை விட்டுவிட்டேன். பிறகு பெயர், தோற்றம், மறைவு, எடுக்கும் நேரம். அதுவரை செய்ததை, படம் பெரிதானால் மங்குமா என்று பார்த்துச் சொல்லும்படி ஃப்ளெக்ஸ் கடை டேவிட் அண்ணனுக்கு அனுப்பினேன். "தெளிவா இருக்குங்க" என்று பதில் வந்தது. அதன் பிறகுதான் நடுப் பத்தியை எடுத்துவிட்டு, மரியாதையான வரிகள் எழுதி, துரைசாமி பெயரை எல்லாவற்றுக்கும் மேலே கொஞ்சம் பெரிய எழுத்தில் வைத்தேன். மறுபடி படித்தேன். சரியாக இருந்தது. அனுப்பு என்று அழுத்தினேன். பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. டிக் போட்டேன். பூமாலைக்குச் சொல்ல ஓடினேன்.

பச்சைக் கோடு பாதி வழி போயிருக்கும். அப்போது புது ஓ.எஸ்.ஸுக்குத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. யாரையும் கேட்காமல் அணைந்து, மறுபடி எழ ஆரம்பித்திருக்கிறது. டேவிட் அண்ணன் கொஞ்ச நேரம் காத்திருந்தார். எடுக்கும் நேரம் நெருங்குகிறதே என்று, ஏற்கெனவே கையில் இருந்ததை அச்சடித்தார்.

ஃப்ளெக்ஸ் வாசல் கேட்டில் கட்டப்பட்டபோது நான் உள்ளே பெண்களோடு இருந்தேன். மேகம் இறங்கியிருந்ததால் யாருக்கும் எதுவும் சரியாகத் தெரியவில்லை. வருகிறவர்கள் படத்தைப் பார்த்துச் செருப்பைக் கழற்றினார்கள். அலுவலகத்திலிருந்து வந்த சகாயம் அண்ணன் மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நித்யா, வெளிய கட்டியிருக்கறது நம்ம ஓ.எஸ். தானே?"

"என்னண்ணா?"

"மேல உங்க பெரியப்பா. கீழ நம்ம ஓ.எஸ்."

நான் வெளியே வந்தபோது மேகம் கலைந்துகொண்டிருந்தது. பத்தி முழுதும் அப்படியே இருந்தது. கீபோர்டு, மவுஸ், பிரிண்டர். கீழே வளைவில் ஒரு ஜீப் முனகிக்கொண்டு ஏறி வந்தது. துரைசாமி.

அவிழ்க்கலாம் என்றால் டேவிட் அண்ணனின் ஆட்கள் கட்டுக்கம்பியால் முறுக்கியிருந்தார்கள். எனக்குத் தோன்றிய ஒரே வழி, பத்தியை மறைத்துக்கொண்டு நிற்பது. முதுகை ஃப்ளெக்ஸில் ஒட்டி, இரண்டு கையையும் விரித்து நின்றேன். படித்த காலத்தில் கணினிப் பாதுகாப்புக்குப் பல அடுக்குகள் வேண்டும் என்று சொல்லித் தந்திருந்தார்கள். அன்றைக்கு ஒரே அடுக்கு நான்தான்.

"பாவம் இந்தப் புள்ள" என்றது ஒரு குரல்.

"பெரியப்பன் மேல உசுரா இருந்தாளே."

நாலு பெண்கள் வந்து என்னைக் கட்டிக்கொண்டார்கள். நான் விட மறுக்க மறுக்க அவர்கள் அழுகை கூடியது. கடைசியில் என்னைப் பிய்த்து எடுத்து, ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்தார்கள்.

துரைசாமி கேட் முன்னால் நின்றார். படத்தைப் பார்த்தார். அண்ணன் தோளில் இருந்த கையைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

"இது என்ற கை" என்றார், யாரிடமும் இல்லாமல். "நோம்பிக்கு எடுத்தது." துண்டால் கண்ணைத் துடைத்தார். அந்த நிமிடத்தில் அவர் உள்ளே வந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். ஆனால் அவர் பெயர் தேட வந்தவர். உதடு அசைய, வரி வரியாகக் கீழே இறங்கினார்.

"பராமரிப்பு நிறுத்தப்பட்டதால் காலமானார்." சத்தமாகவே படித்தார். திரும்பினார். "யாருங்க எங்கண்ணனுக்குப் பராமரிப்பை நிறுத்துனது?"

வாசல்படியில் நின்ற மேகலா அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கடைசியாக அப்பாவைப் பார்க்க வந்து பல மாதங்கள் ஆகியிருந்தன.

அவர் மேலும் படித்தார். கடைசி வரிக்குப் போய், மறுபடி மேலே வந்து, மறுபடி கீழே போனார்.

"கையை வெச்சுக்கிட்டீங்க. பேரை எடுத்துட்டீங்க. கீபோர்டுக்கு அப்புறமாவது ஒரு எடம் குடுத்திருக்கலாம்."

நான் நாற்காலியிலிருந்து ஓடினேன். இந்த மாதிரி நேரத்தில் மனிதர்கள் காலில் விழுவார்கள். நான் காரணங்களை வரிசைப்படுத்தினேன்.

"ஏனுங்க, ஒண்ணு, இது தப்பான ஃபைலுங்க. ரெண்டு, சரியானதுல உங்க பேருதான் மொதல்ல. மூணு, இந்த வரியெல்லாம் போன வாரமே எழுதினது."

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார்.

"போன வாரமேவா? எங்கண்ணன் உசுரோட இருக்கறப்பவா?"

"பெரியப்பாவுக்கு இல்லீங்க. கம்ப்யூட்டருக்கு."

"கம்ப்யூட்டரு செத்துதா?"

"சாகலைங்க. புதுசு வந்துச்சு."

"புதுசு வந்தா பழசுக்குக் கண்ணீர் அஞ்சலி போட்டுச் சிரிப்பீங்களா?"

நாலாவது காரணத்துக்காக நீட்டிய விரலை மடக்கிக்கொண்டேன். அவர் செருப்பைக் கழற்றவே இல்லை. ஜீப் திரும்பிப் போன சத்தம் கடைசி வளைவு வரை கேட்டது. பெரியம்மா உள்ளே இருந்தபடியே, "வந்துட்டாரா?" என்று கேட்டார்.

சுடுகாட்டில் ஆண்கள் கூடி நின்று யார் வைப்பது என்று பேசினார்கள். பங்காளி வழியில் ஒருவர், மருமகன், இன்னும் யாரோ. பெரியம்மா சொல்லியனுப்பிய வார்த்தையோடு அக்காவும் நானும் அப்போது போய்ச் சேர்ந்தோம்: மேகலா வைக்கட்டும். அக்கா தண்ணீர்க் குடத்தைத் தோளில் தூக்கிச் சுற்றி வந்தாள். எல்லாம் முடிந்து திரும்பும் வழியில் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்தப் பராமரிப்பு வரி, நிஜமாவே கம்ப்யூட்டருக்குத்தானே?"

"சத்தியமா அக்கா."

"சரி" என்றாள். அவள் நம்பினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பதினாறாம் நாள் முடிந்த பிறகும் அவள் திருப்பூர் போகாமல் இரண்டு மாதம் தன் அம்மாவோடு இருந்தாள்.

நான் மேட்டுப்பாளையத்துக்குச் சரியான ஃபைலை அச்சடித்து எடுத்துக்கொண்டு போனேன். துரைசாமி வீட்டில் காபி கொடுத்தார்கள். அவர் வெளியே போயிருக்கிறார் என்றார்கள். உள் அறையில் இருமல் கேட்டது.

அடுத்த பொங்கலுக்குப் பெரியம்மா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"எனக்கு ஃப்ளெக்ஸ் நீதான் செய்யோணும். ஆனா இப்பவே எழுதி எனக்குப் படிச்சுக் காட்டு. உசுரோட இருக்கறப்பவே நான் சரி பாத்துக்கறேன்."

அன்றிலிருந்து இது எங்கள் வீட்டு வழக்கம். ஒவ்வொரு பொங்கலுக்கும் பெரியம்மா சொல்லச் சொல்ல நான் பெயர்களைத் திருத்துகிறேன். அந்த வருடம் வந்து பார்த்தவர்கள் மேலே போவார்கள், போன் மட்டும் செய்தவர்கள் இறங்குவார்கள். இப்போது சொந்தக்காரர்கள் வீட்டுக்குள் நுழையும்போதே "நித்யா, நான் இந்த வருஷம் எத்தனாவது?" என்றுதான் கேட்கிறார்கள். சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள், ஆனால் மூன்று கிலோ ஆரஞ்சோடு வருகிறார்கள். என் அப்பா ஒருமுறை கீழே போய்விட்டு, மறுநாளே பெரியம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போய் மேலே ஏறினார். நான் எப்போதும் கடைசி. அதில் மாற்றமே இல்லை.

முதல் பெயரிலும் மாற்றமில்லை. "மொதல்ல யாரு?" என்று வழக்கம்போல் கேட்பேன். "துரைசாமி" என்பார் பெரியம்மா. "வந்தாருங்களா?" என்று நான் கேட்பதில்லை. வந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.