பசியை நீக்கிய சமன்பாடு

பசியைச் சோற்றால் ஒழிக்க முயன்ற நாடுகள் பல உண்டு. கணக்கால் ஒழித்த பெருமை மலாவியில் ஓர் அரசு அலுவலகத்தின் இரண்டாம் மாடிக்கே உரியது.

எந்த ஊரில் எத்தனை பேர் பட்டினி கிடப்பார்கள் என்று முன்கூட்டிச் சொல்லும் சமன்பாட்டைக் கட்டும் பொறுப்பு புள்ளியியலாளர் மாயமிகோவுக்கு. அது கைகாட்டும் ஊருக்குத்தான் சோள லாரி போகும். சிக்வாவா மாவட்டத்துக் கிராமத்திலிருந்து அவள் அக்கா எஸ்நாத் போன் செய்தாள்.

"மாயா, சோளம் முழங்கால் உசரத்துலயே கருகிடுச்சுடி. கணக்குல எங்க ஊரு வருமில்ல?"

"வரும்க்கா. மழைக் கணக்கே சொல்லிடும்."

எந்தக் காரணிகளைச் சேர்ப்பது என்று முடிவு செய்ய 'உயர்மட்டக் குழு' கூடியது. வழக்கப்படி ஜெபம். மழைக்காக உருக்கமாக வேண்டிக்கொண்டார்கள். பிறகு முதல் தீர்மானமாக மழையை நீக்கினார்கள்.

"மழை ஆண்டவரோட இலாகாம்மா," என்றார் இயக்குநர் கம்வெண்டோ. "அரசாங்க அறிக்கையில அவரைக் குத்தம் சொல்லலாமா?"

"அப்போ உரம் தாமதமா வந்ததைச் சேர்க்கலாமா, ஐயா?" என்றாள் மாயமிகோ.

உர அதிகாரி கையிலிருந்த மண்டாசிப் பணியாரத்தைத் தட்டில் வைத்தார். "யாரு தாமதம்? உரம் நேரத்துக்குத்தான் வந்துச்சு. விதைச்சவங்கதான் அவசரப்பட்டுட்டாங்க."

சந்தை விலை வணிக அதிகாரியைப் புண்படுத்தியது. சாலை, பொதுப்பணி அதிகாரியை. கடைசியில் யாரையும் புண்படுத்தாத காரணி ஒன்றே எஞ்சியது: ஊருக்குப் போன நிவாரண லாரிகள். லாரி ஓட்டுநர்கள் குழுவில் இல்லை.

சமன்பாடு அற்புதமாகப் பொருந்தியது. லாரி கூடக் கூடப் பசித்தவர்களும் கூடினார்கள்.

"பாத்தீங்களா!" இயக்குநர் எழுந்தே நின்றுவிட்டார். "லாரி போற ஊர்லதான் பசி!"

"பசின்னுதானே ஐயா லாரியே போகுது?"

"அது உங்க கருத்தும்மா. இது கணக்கு."

அறிவியல் வென்றது. லாரிகள் நிறுத்தப்பட்டன.

மீண்டும் எஸ்நாத். "ஆத்துல இறங்கி அல்லிக்கிழங்கு தோண்டித் திங்கறோம்டி. முதலை கரையில உக்காந்து எங்களைப் பாக்குது. அதுக்காவது சாப்பாடு உறுதி."

மாயமிகோ அன்றே மழையைச் சேர்த்துப் புதிய சமன்பாடு ஒன்றை எழுதி, இயக்குநர் அறைக்கு எடுத்துப் போனாள். அங்கே கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்கம்மா! நாடு முழுக்கப் பசிச்சவங்க பூஜ்யம். உங்க சமன்பாடும் பூஜ்யம்னுதான் சொல்லிச்சு. ஒரு புள்ளி பிசகல!"

"யாரு ஐயா எண்ணினது?"

"லாரி ஓட்டுநருங்கதான். சோளம் வாங்க வரிசையில நிக்கறவங்களை எப்பவும் அவங்கதானே எண்ணுவாங்க?"

"லாரியே போகலையே ஐயா. எங்க அக்கா ஊர்ல ஜனங்க செத்துட்டிருக்காங்க. ஒரே ஒரு லாரி அனுப்பிப் பாருங்க, எத்தனை பேரு நிக்கறாங்கன்னு தெரியும்."

இயக்குநர் கத்தியைக் கீழே வைத்தார். முதன்முறையாக அவர் முகத்தில் கவலை தெரிந்தது.

"தெரியும்மா," என்றார் மெதுவாக. "அதனாலதான் அனுப்பல."