நான்கு மொழிகளில் துளசிராமன்

பன்மொழி இயக்குநர் என்றோர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். சென்னையில் மேடையேறினால் 'தெலுங்கில் வெள்ளிவிழா கண்டவர்' என்று அவரை அறிமுகப்படுத்துவார்கள். ஐதராபாத்தில் 'தமிழில் சரித்திரம் படைத்தவர்' என்பார்கள். கொச்சியில் இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பெரிய மாலையாகப் போடுவார்கள். யாராவது ஒருவர் ரயிலேறிப் போய் விசாரித்திருந்தால் அந்தப் புகழ் அன்றைக்கே தீர்ந்திருக்கும். யார் போகிறார்கள்?

ஊத்துக்கோட்டையில் பிறந்த துளசிராமன் இந்த இனத்தின் அப்பழுக்கற்ற மாதிரி. எல்லையோரத்துப் பிள்ளை என்பதால் தமிழும் தெலுங்கும் தாமாகவே வந்துவிட்டன. மலையாளத்திலும் கன்னடத்திலும் 'சாப்பிட்டீர்களா', 'இன்னொரு டேக்', 'பிரமாதம்' ஆகிய மூன்றும் தெரியும். ஒரு படத்தை எடுத்து முடிக்க இந்த மூன்று போதும் என்பது அவர் கொள்கை. வருத்தத்துடன் ஒப்புக்கொள்கிறேன், போதும்தான்.

படம் ஓடினால் அது அவருடைய திறமை. ஓடாவிட்டால் அந்த மாநிலத்து மக்களின் ரசனை கெட்டுவிட்டது என்று பொருள். இருபது வருடத் தொழிலில் நான்கு மாநிலங்களின் ரசனையும் இரண்டிரண்டு முறை கெட்டிருந்தது.

2006இல் அவர் ஒரு தொழிலாளர் படத்தை ஒரே நேரத்தில் நான்கு மொழிகளில் எடுத்தார். உச்சக்கட்டம் கவரைப்பேட்டைப் பக்கம், மூடிக்கிடந்த ஓர் இரும்பு உருக்காலையில். ஒவ்வொரு ஷாட்டையும் நான்கு தடவை எடுக்க வேண்டும். தமிழ் முடிந்ததும் ஆலையின் பெயர்ப்பலகையைக் கழற்றித் தெலுங்குப் பலகையை மாட்டுவார்கள், லாரியின் நம்பர் பிளேட் மாறும், சுவரொட்டி மாறும். தொழிலாளிகள் மட்டும் அப்படியே நிற்பார்கள். வறுமைக்கு எழுத்து மாற்ற வேண்டியதில்லை அல்லவா?

"எனக்கு நிஜமான தொழிலாளி முகம் வேணும்" என்று துளசிராமன் கேட்டிருந்தார். அப்படித்தான் ஜெனிபர் வந்தாள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. மதியம் இரண்டு மணி ஷிஃப்ட். அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு தடவை தாமதமாகப் போயிருந்தாள். மூன்றாவது தடவை என்றால் கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். "பதினோரு மணிக்குள்ள முடிஞ்சிடும்" என்று ஏஜெண்ட் சத்தியம் செய்ததை நம்பி, அவளும் தோழி மேரியும் அதே ஷிஃப்ட்டில் வேலை செய்யும் நாற்பது பேரும் காலை ஏழரைக்கே வந்து நின்றார்கள்.

கதாநாயகன் பத்து இருபத்தைந்துக்கு வந்தார். வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம்.

படத்தில் மூடநம்பிக்கையைக் கண்டித்துக் கதாநாயகன் மூன்று பக்கம் பேசுகிறார். அந்த வசனத் தாளின்மேல் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டுத் துளசிராமன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். உலகத்தின் எந்தத் தொலைநோக்கியிலும் இதுவரை அகப்படாத ஒரு கிரகத்துக்காக, எழுபது மனிதர்கள் ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றார்கள். உழைக்கும் வர்க்கத்தின் பொறுமையை நினைத்து அவர் கண் கலங்கினார். உண்மையாகவே கலங்கினார், அந்த இனம் பொய்யாக அழாது.

பன்னிரண்டு மணிக்கு ஜெனிபர் உதவி இயக்குநர் சர்ஃபராஸிடம் போனாள். பழவேற்காட்டுக்காரர், காது கேட்கும் மனிதர்.

"இன்னா சார், ஏழரைக்கு வந்தோம், பன்னண்டு ஆவுது. ஒன்னேகாலுக்கு ஷேர் ஆட்டோ புடிச்சாத்தான் ரெண்டு மணிக்கு கேட்டாண்ட போவ முடியும். லேட்டானா வேலையே பூடும் சார்."

சர்ஃபராஸ் போய்ச் சொன்னார். துளசிராமன் நெகிழ்ந்துபோனார். "பாத்தியா, வேலை போயிடுமேன்னு ஒரு பயம்! அந்த பயத்தை அப்படியே முகத்துல வெச்சிருக்கச் சொல்லு. குளோசப் வைக்கிறேன்."

தமிழில் ஜெனிபருக்கு ஒரு வரி: "எங்க உழைப்புக்கு நியாயம் வேணும்!" மூன்றாவது டேக்கில் சரியாக வந்தது. தெலுங்குக்குப் பலகை மாட்டியபோது அவள் தனக்கு அந்த வரி தெரியாதே என்றாள்.

"வசனம் எதுக்கும்மா? ஒன்னு ரெண்டு மூணு நாலுன்னு சொல்லு. உதடு அசைஞ்சா போதும், டப்பிங்ல பாத்துக்கலாம்" என்றார் துளசிராமன்.

இது சினிமாவில் பழைய வழக்கம். மும்பையிலிருந்து வரும் கதாநாயகிகள் பத்து வரைக்கும் எண்ணியே பல படங்களில் காதலித்திருக்கிறார்கள். ஜெனிபரும் எட்டு வரை எண்ணி நியாயம் கேட்டாள். மணி பன்னிரண்டு ஐம்பது.

மலையாளப் பலகை ஏற மறுத்தது. ஆணி வளைந்தது. ஒன்று ஐந்துக்கு ஏறியது. "ஆக்‌ஷன்!"

ஜெனிபர் காமிராவைப் பார்க்கவில்லை. அதற்குப் பின்னால் தொப்பிக்குக் கீழே இருந்த முகத்தைப் பார்த்தாள்.

"யோவ் டைரக்டரு, ஒனக்கு ராகு காலம் பெருசு, எனக்கு ஷிஃப்ட்டு பெருசு இல்லியா? நைனா நைனான்னு கெஞ்சிக்கினு நிக்கிறோம், காதுலயே வாங்க மாட்டேன்ற. எங்களுக்கு நியாயம் கேக்க வந்த மூஞ்சப் பாரு! என் வேல போச்சுன்னா நீயா வந்து என் ஊட்ல அடுப்பு பத்த வெப்பே?"

"அப்படிக் கேளுடி" என்றாள் மேரி. கூட்டம் சிரித்தது, பின்பு சிரிக்கவில்லை.

"கட்! பிரமாதம்!" துளசிராமன் மானிட்டரைவிட்டு எழுந்தே விட்டார். "சர்ஃபராஸ், வெறும் நம்பரைச் சொல்லியே அந்தப் பொண்ணு என்னமா பண்ணுது பாரு!"

"சார், அது நம்பர் இல்ல சார். அந்தக்கா உங்களைத்தான் கேக்குது."

"எதைக் கேட்டா என்னய்யா? உதடு அசையுதுல்ல?"

கன்னடப் பலகை ஏறும்போது மணி ஒன்று பதினாலு. கதாநாயகன் கையை உயர்த்தி, "புறப்படுங்கள்!" என்று கன்னடத்தில் முழங்கினார். ஜெனிபர் சர்ஃபராஸைப் பார்த்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஆலைக் கதவின் பக்கம் தலையை அசைத்தார். அவ்வளவுதான். ஜெனிபர் நடந்தாள், மேரி நடந்தாள், நாற்பது பேரும் கதாநாயகனின் இரு பக்கமும் ஆறு பிரிந்து போவதுபோல் பிரிந்து வெளியே போனார்கள். துளசிராமன் "கட்" என்று ஆறு தடவை கத்தினார். ஒருவரும் திரும்பவில்லை. காமிராமேன் மட்டும், ஏனோ, நிறுத்தவில்லை. கடைசியில் காலியான முற்றத்தில் கையைத் தூக்கியபடி ஒரு கதாநாயகன் நின்றார்.

அன்று ஜெனிபர் கேட்டைக் கடந்தபோது ஒன்று ஐம்பத்தெட்டு. வேலை தப்பியது.

படம் மூன்று மொழிகளில் ஒரு வாரம் ஓடியது. ரசனை மறுபடியும் கெட்டிருந்தது. கன்னடத்தில் மட்டும், மறுபடி எடுக்க வழியில்லாமல், அந்த ஷாட்டையே வைத்திருந்தார்கள். தலைவனைத் தாண்டி மக்கள் போகிறார்கள் என்று விமரிசகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பாராட்டு விழாவில் ஒருவர் கேட்டார், "அந்தத் தொழிலாளர்கள் எதை நோக்கிப் போகிறார்கள்?" துளசிராமன் கண்ணை மூடி யோசித்தார். "விடியலை நோக்கி" என்றார்.

இரண்டாவது ஷிஃப்ட்டை நோக்கி ஐயா! ஷேர் ஆட்டோவில், பதினோரு பேர் நெருக்கி உட்கார்ந்து!

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மாள் நேற்று ஏதோ சொன்னார்; நீங்களும் கனிவாகத் தலையாட்டி, 'இவர்கள் வாழ்க்கையே ஒரு காவியம்' என்று நண்பரிடம் உருகினீர்கள். அவர் கேட்டது ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. கொடுத்தீர்களா?