கட்டிங் மாஸ்டரின் ஒரு ஜோடி முழங்கால்

ஆம்பூர் முதல் வேலூர் வரை எங்கள் கட்டிங் மாஸ்டரிடம் ஏச்சு வாங்காத காலணி எதுவும் நடமாடியதில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் முன்பே, வாசலில் கிடக்கும் அவன் செருப்பைப் பார்ப்பவர். ஷூ தொழிற்சாலையில் தோல் வெட்டும் பிரிவு அவர் ஆளுகையில் இருந்தது; நான் அங்கே நிர்வாக அதிகாரி. சென்னையில் வாங்கிய என் ஷூவை முதல் நாளே நோக்கி, "லெஃப்டும் ரைட்டும் வேற வேற ஆடு சார். சம்பந்தமில்லாத ரெண்டு பேரக் கட்டி வெச்சிருக்காங்க" என்றார். பட்டதாரியான என்னிடம் அதுவரை எவரும் அவ்வாறு பேசியதில்லை. ஒரு வாரம் நான் அவருக்கு வணக்கம் சொல்லவில்லை.

ஒரு ஜோடிக்கான இரண்டு பக்கத்தையும் ஒரே தோலில் அடுத்தடுத்து வெட்ட வேண்டும் என்பது அவர் சட்டம். அப்போதுதான் இரண்டும் ஒன்றுபோல மடங்கி, ஒன்றுபோல மூப்படையுமாம்.

காலமெல்லாம் மேசை முன் நின்றே வெட்டியவருக்கு, 1980களின் கடைசியில் முழங்கால்கள் இரண்டும் தேய்ந்து, கால்கள் வெளிப்புறம் வளைந்து, நடுவே ஒரு பூசணிக்காய் உருண்டு போகலாம் என்றாயிற்று. நாற்காலி போட்டுக் கொடுத்தோம். அதில் தம் டிபன் கேரியரை உட்கார வைத்தார். நிற்க முடியாதவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவதென்று முதலாளி தீர்மானித்தார். அதைத் தெரிவிக்க வேண்டிய நான், தெரிவிக்காமல் அவரை வேலூரில் ஓர் எலும்பு மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன்.

இப்போது ஒரு முழங்காலை மாற்றலாம், மற்றதை அடுத்த ஆண்டு பார்க்கலாம், இரண்டையும் சேர்த்துச் செய்தால் இதயத்துக்குப் பாரம் என்று மருத்துவர் விளக்கினார். மாஸ்டரின் பார்வை மேசைக்கு அடியில் இருந்தது.

"டாக்டர், அந்த லெஃப்ட் ஷூவ கொஞ்சம் கழட்டுங்க."

எனக்கு நாற்காலியோடு பூமிக்குள் இறங்கிவிடலாம் போலிருந்தது. மருத்துவரோ சிரித்தபடி கழற்றிக் கொடுத்தார்.

"இது வயித்துத் தோல். அது முதுகுத் தோல். இது முன்னாடியே தளந்துபோச்சு, நீங்க சாஞ்சு நடக்கிறீங்க. என்னையும் இப்படிப் பண்ணிடாதீங்க. ஜோடின்னா ஒண்ணா முடிக்கணும்."

"உங்க உடம்பு தாங்குமா?"

"டெஸ்ட் எடுத்துப் பாருங்க. தாங்காதுன்னு வந்தா நான் வாயத் தொறக்கல."

தாங்கும் என்றே வந்தது. அறுவை சிகிச்சையன்று காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முதலாளி இன்னா சொன்னாருன்னு தெரியும் சார். ஒரு வருசம் ஒத்தக் கால்ல நொண்டினா, என் மேசையில வேற ஆள் நிப்பான்."

மூன்றாம் நாள், பிடித்து நடக்கப் போட்டிருந்த இரு கம்பிகளுக்கிடையே அவரை நிறுத்தினார்கள். வலியில் மருத்துவரின் ஷூவை மறுபடி திட்டினார், ஆனால் நின்றார். மூன்று மாதத்தில் வேலைக்குப் போகலாம் என்றார் மருத்துவர். வளைவு நிமிர்ந்ததில் இரண்டு அங்குலம் உயர்ந்திருந்தார். வீடு திரும்புமுன் பேன்ட்டைப் போட்டுப் பார்த்தால், அது கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது.

"இத மாட்டிக்கினு போனா பசங்க சிரிப்பானுங்க சார்."

அன்று மாலை, கீழ் மடிப்பைப் பிரித்து நீளமாக்கத் தையல்காரரிடம் கொடுப்பதற்காக, இன்னொருவருடைய பேன்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வேலூர் லாங் பஜார் கடைத்தெரு நெடுக நடந்தேன். தெரிந்தவர்கள் பலர் எதிர்ப்பட்டார்கள். அதை மறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.