நேர்கோட்டில் ஒரு பாடசாலை

சட்டங்களால் இத்தனை செழிப்பாக வளர்க்கப்பட்ட கல்வி எங்கள் நாட்டைத் தவிர வேறெங்கும் இருக்க முடியாது. என் மூத்தவாப்பா காலத்தில் அதை இலவசமாக்கினார்கள். வாப்பா காலத்தில் மிஷன் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பேற்றது. என் காலத்தில் கல்வி கட்டாயமாயிற்று. மிச்சமிருந்த வேலை, பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வது ஒன்றுதான். அதற்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது.

நான் ஜௌபர். கஷ்டப் பிரதேசப் பாடசாலை ஒன்றின் அதிபர். என் திறமையைக் கஷ்டப் பிரதேசத்தில் வீணாக்க மனமில்லாத மேலிடம், எட்டு வருடங்களாக என்னை ‘தற்காலிகமாக’ புத்தளத்தில் ஒரு காரியாலயத்தோடு இணைத்து வைத்திருக்கிறது. எந்தக் குழு அமைந்தாலும் அதில் நான் இருப்பேன்.

கண்டக்குழிப் பாடசாலையின் முதலாம் வகுப்பு நேர்முகப் பரீட்சைக் குழுவிலும் இருந்தேன். தலைவர் ஃபஸ்லான் சேர். ஊருக்கு அப்பால் உப்புநீர்க் களப்போரம் குடியிருக்கும் மீனவர் மனுவேல், மகள் டயனாவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பிள்ளை வெள்ளைச் சட்டையும் தலை நிறைய எண்ணெயுமாகத் தயாராக நின்றது.

ஃபஸ்லான் சேர் வரைபடத்தில் அடிமட்டத்தை வைத்து அளந்தார்.

“ஒங்கட ஊட்டுக்கு இந்தப் பாடசாலை மூணு கிலோமீற்றர். ஒரு கிலோமீற்றர்ல இன்னொண்டு இரிக்கி. அதனால இங்க இடமில்ல.”

“எது சேர்?”

“இந்தா, தீவுல.”

“அது களப்புக்கு அங்கால சேர். நடுவுல தண்ணி.”

“சுற்றறிக்கைல நேர்கோட்டுத் தூரம் எண்டுதான் போட்டிரிக்கி. தண்ணியப் பத்தி ஒண்டுமில்ல. காகம் பறக்கிற கணக்கு.”

“பிள்ளைக்குச் செட்டை இல்லையே சேர்.”

“அத மேன்முறையீட்டுல சொல்லுங்க.”

மனுவேல் விடவில்லை. “அந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ள ஆடு நிக்குது சேர். படிப்பிக்க ஆளில்ல.”

இந்த அவதூறை என்னால் பொறுக்க முடியவில்லை. “ஆளில்ல எண்டு சொல்லவேணாம். அங்க ஒரு அதிபர் இரிக்கார். மாசாமாசம் சம்பளமும் போகுது” என்றேன். எனக்கு நிச்சயமாகத் தெரிந்த விடயம் அது.

மூன்று மாதம் கழித்துக் கட்டாயக் கல்விச் சட்டம் விழித்துக்கொண்டது. பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளைக் கண்டுபிடித்து, பெற்றவர்களை நீதிமன்றப் படி ஏறவைக்க ஒரு குழு புறப்பட்டது. தலைவர் ஃபஸ்லான் சேர். செயலாளர் நான். பட்டியலில் முதல் பெயர் டயனா.

மனுவேல் வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தார்.

“புள்ளய ஏன் பள்ளிக்கூடம் அனுப்பல்ல?” என்றார் ஃபஸ்லான் சேர்.

“நீங்க ரெண்டு பேரும்தானே சேர் இடமில்ல எண்டது.”

“அது வேற குழு, மனுவேல்.”

“அனுப்பாம இல்ல சேர். நீங்க காட்டின இடத்துக்குத்தான் நாளாந்தம் வள்ளத்துல கொண்டு போறன். ஆட்டக் கலைச்சிட்டம். ஏழரைக்குப் போனா, ஒண்டரைக்குத்தான் ரெண்டு பேரும் திரும்புவம். தொழில் இப்ப பின்னேரத்துலதான்.”

அவர் மனைவி பவுலினா ஒரு பழைய வரவு இடாப்பைக் கொண்டுவந்தாள். தீவுப் பள்ளிக்கூட அலுமாரியில் கிடந்ததாம். வந்தால் கோடு, வராவிட்டால் முட்டை. டயனாவே போடுகிறாள். அவளுக்கு நேரே ஐம்பத்தொரு கோடு. கீழே ‘அதிபர்’ என்ற இடத்தில் ஐம்பது முட்டை.

ஃபஸ்லான் சேர் மகிழ்ந்துபோனார். “மாணவர் வரவு நூறு வீதம். வழக்கு இல்ல. எழுதுங்க.”

எழுதினேன். உண்மையிலேயே நெஞ்சு குளிர்ந்தது. பிள்ளை போகிறது, கட்டடம் இருக்கிறது, அதிபர் சம்பளம் எடுக்கிறார். சட்டம் இதைவிட வேறென்ன கேட்கும்?

புறப்படும்போது டயனா இடாப்போடு ஓடிவந்தாள்.

“சேர், அதிபர்ட பேர் எழுதாமக் கிடக்கு. பப்பாவுக்கும் தெரியாதாம். உங்களுக்குத் தெரியுமா?”

ஆவணம் குறையாக இருப்பது எனக்குப் பிடிக்காது. பேனையை எடுத்து, அழகான கையெழுத்தில், என் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

மனுவேல் எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வலையைக் கீழே வைத்தார்.

அதிபர் வரிசையில் அன்றைய கட்டம் இன்னும் வெறுமையாக இருந்தது. டயனா மணலில் குந்தி, என் பெயருக்கு நேரே, என் கண் முன்னாலேயே, வட்டமாக ஒரு முட்டை போட்டாள்.