எம்ட்டி ரெக்கார்ட்ஸ் முதலாளி சைரன்

எண்ணூர் நெடுஞ்சாலையில் ஓடுகிற எந்த டிரெய்லரின் ஹார்னும் சைரனின் தொண்டைக்கு முன்னால் நிற்காது. ஒரு முறை எங்கள் யார்டின் பின்கேட்டில் நின்று அவர் முருகன் என்ற டிரைவரைத் திட்டியபோது, முன்கேட்டுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்த இன்னொரு முருகன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டார்.

திருவொற்றியூரில் கப்பல் பெட்டிகளை அடுக்கிவைக்கும் ஒரு கன்டெய்னர் யார்டில் நான் குமாஸ்தா. சைரன் அங்கே சூப்பர்வைசர். ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம், கடோத்கஜனுக்கு காக்கிச் சட்டை போட்டது மாதிரி. அவருக்கு ஒரு நிஜப் பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

முதல் அதிர்ச்சி ஒரு மத்தியானம் வந்தது. கையெழுத்து வாங்க அவர் கேபினுக்குள் நுழைந்தேன். ஜலதோஷம் பிடித்த குழந்தை மாதிரி ஒரு வெளிநாட்டுப் பெண் கம்ப்யூட்டரில் பாடிக்கொண்டிருந்தாள். பின்னால் பொம்மைக் கடையை யாரோ தட்டிவிட்டது போல கிண் கிண் என்று ஒரு சத்தம். சைரன் கன்னத்தில் கை வைத்துக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். ஏதோ துக்கச் செய்தி என்று நினைத்து நான் பின்வாங்கினேன்.

"உக்காரு நைனா," என்றார். "இந்தப் பொண்ணு கொடைய பஸ்ல வுட்டுட்டு வந்துட்ச்சு. அத்தப் பாடிகினு கீது."

"அதுக்கு ஒரு பாட்டா சார்?"

"அதுக்குத்தான்யா பாட்டு வேணும். காதலுக்கு ஆயிரம் பேரு பாடிட்டான். கொடைக்கு யாரு கீறா?"

விசாரித்ததில் கதை இதுதான். கன்டெய்னர் தூக்கும் வண்டியின் ஹைட்ராலிக் கோளாறைப் பற்றி போனில் ஏதோ வீடியோ பார்த்திருக்கிறார். அது முடிந்ததும் தானாகவே அடுத்தது ஓடியிருக்கிறது. அடுத்தது இந்தக் குடைப் பெண். மனுஷன் அங்கேயே விழுந்துவிட்டார். இந்த வகைப் பாட்டுக்கு 'ட்வீ' என்று பெயராம். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன்.

"கூச்சப்படுறவன் பாடுறது. கூச்சம் போனப்பால இல்ல, கூச்சத்தோடயே."

ஒரு லாரி டயரைக் காலால் உதைத்தே காற்று இருக்கிறதா என்று சொல்லும் மனிதர் இதைச் சொன்னார். அன்று நான் கையெழுத்து வாங்காமலே திரும்பிவிட்டேன்.

அப்புறம் பார்சல்கள் வர ஆரம்பித்தன. ஸ்வீடன், ஜப்பான், ஸ்காட்லாந்து. உள்ளே கேசட், சில சமயம் சின்ன இசைத்தட்டு. அட்டையில் கையால் வரைந்த பூனை, சைக்கிள், அழுகிற மேகம். கூடவே ஒரு மிட்டாயும், சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜும். இவற்றை வெளியிடுகிற கம்பெனிகளைப் பற்றி அவர் சொன்னபோது, எங்கள் ஆபீஸே வேலையை நிறுத்திக் கேட்டது.

"கம்பெனின்னா பெர்ச்சா நெனைக்காத. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரு. வூட்டு கிச்சன்ல ஒக்காந்து அட்ட ஒட்றாங்கோ. சொற்பமாத்தான் போடுவாங்கோ. தீந்துட்ச்சா, வுட்டுட்டு அடுத்த பாட்டுக்குப் போய்டுவாங்கோ."

"இதுல இன்னா சார் கெடைக்கும்?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஒண்ணும் கெடைக்காது. அதான் ஷோக்கு."

மறுநாள் ஒளிரும் பச்சை ஜாக்கெட்டில், நெஞ்சுக்கு நேராக, பூனைக்குட்டி பேட்ஜ் குத்திக்கொண்டு யார்டுக்குள் வந்தார். டிரைவர்கள் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கும் தைரியம் திருவொற்றியூரிலிருந்து டோல்கேட் வரை எவனுக்கும் இல்லை.

எங்கள் எடை மேடையில் ஸ்டெல்லா என்ற பெண் வேலை பார்த்தாள். காசிமேட்டுப் பெண். அந்த ஊரில் பிறந்தவள் இவ்வளவு மெல்லப் பேசுவாள் என்றால் அங்கேயே நம்ப மாட்டார்கள். வண்டி மேடையில் ஏறியதும் கண்ணாடி அறைக்குள்ளிருந்து மைக்கில் எடையைச் சொல்வாள். டிரைவர் காதில் கையை வைத்து, "இன்னாம்மா சொன்ன?" என்பார். மறுபடி சொல்வாள். மறுபடி "இன்னா?" கடைசியில் சீட்டை ஜன்னலில் ஒட்டிக் காட்டுவாள். 'ஊமப் படம்' என்று டிரைவர்கள் அவளுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். ஒரு தடவை அது அவள் காதில் விழ, அன்று முழுக்க அவள் மைக்கைத் தொடவே இல்லை.

ஒருநாள் மைக்கை அணைக்க மறந்துவிட்டாள். யார்டு முழுக்க ஸ்பீக்கரில் ஒரு முனகல் மிதந்து வந்தது.

எட போட வந்த வண்டியே
என்ன வுட்டு எங்க போற
டீசலு வாசம் தீர்ற வரைக்கும்
ஜன்னல நான் சாத்த மாட்டேன்

டிரைவர்கள் விசிலடிக்க ஆரம்பித்தார்கள். சைரன் ஒரே ஒரு சத்தம் போட்டார். விசில் நின்றது, இரண்டு வண்டியின் இன்ஜினும் நின்றது. பிறகு எடை மேடைக்கு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. தரை அதிர்ந்ததில் மீட்டரில் முள் ஆடியதாகச் சொல்வார்கள், நான் பார்க்கவில்லை.

ஸ்டெல்லா எழுந்து நின்று அழுதுகொண்டிருந்தாள். "சாரி சார். இனிமே பாட மாட்டேன் சார்."

"யாரு எயுதனது?"

"நான்தான் சார்."

"இன்னும் கீதா?"

"கொஞ்சம் இருக்கு சார்."

சைரன் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். "நான் ஒரு கம்பெனி ஆரம்பிக்கப் போறேன்," என்றார். காலி கன்டெய்னருக்கு எங்கள் பாஷையில் எம்ட்டி என்று பெயர். அங்கேயே கம்பெனிக்குப் பெயர் வைத்துவிட்டார், எம்ட்டி ரெக்கார்ட்ஸ்.

ஸ்டெல்லா பல நாள் சம்மதிக்கவில்லை. "எங்கொரல் யாருக்கும் கேக்காது சார்," என்பதே பதில். "கேக்கலன்னா அவன் கிட்ட வரட்டும். நீ ஏன் எட்டப் போற?" என்று அவர் கேட்ட அன்று சரி என்றாள்.

ரெக்கார்டிங்குக்கு அமைதியான இடம் வேண்டும். துறைமுகப் பக்கம் அமைதிக்கு எங்கே போவது? சைரனே கண்டுபிடித்தார். மீனும் இறாலும் ஏற்றுகிற குளிர்பெட்டியின் சுவர் தடிமன். கதவைச் சாத்தினால் வெளியே இடி விழுந்தாலும் உள்ளே கேட்காது. உள்ளே கத்தினாலும் வெளியே கேட்காது என்ற இரண்டாம் பாதியை யாரும் யோசிக்கவில்லை.

சாப்பாட்டு வேளை. காலியாக நின்ற ஒரு குளிர்பெட்டிக்குள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஜோசப் கிடாரோடு போனான். ஸ்டெல்லா போனாள். சைரன், குழந்தைகள் தட்டி விளையாடும் கலர் சைலோஃபோன் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். காற்றுக்காகக் கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது. ஸ்டெல்லா இடத்தில் நான் எடை மேடையில் உட்கார்ந்தேன்.

அந்த நேரம் பார்த்து, இறால் ஏற்ற அவசரமாக ஒரு குளிர்பெட்டி வேண்டும் என்று போன் வந்திருக்கிறது. ஆபரேட்டர் வரிசையில் முதல் பெட்டியைப் பார்த்தான். கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தது. காதில் கானா பாட்டு ஓட, பொறுப்பான பையனாக அதைச் சாத்தித் தாழ்போட்டான். ராட்சத வண்டியால் பெட்டியை அள்ளித் தூக்கி டிரெய்லரில் வைத்தான்.

டிரெய்லர் என் முன்னால் வந்து நின்றது. "எம்ட்டி சார்," என்றார் டிரைவர். நான் சீட்டு எடுக்கப் பெட்டி நம்பரைப் பார்த்தேன். ரெக்கார்டிங்குக்குப் போன அதே பெட்டி. காற்றுப் புகாத பெட்டி. உள்ளே மூன்று பேர். கேட்டைத் தாண்டினால் துறைமுக லாரிகளின் நெரிசலில் எத்தனை மணி நேரம் நிற்குமோ யாருக்குத் தெரியும்.

நான் கண்ணாடி அறையை விட்டு எப்படி வெளியே வந்தேன் என்று நினைவில்லை. டிரைவரை இழுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். இரண்டு பேரும் தொங்கித் தாழைத் திறந்தோம். பிணம் இருக்குமோ, மயக்கமாகக் கிடப்பார்களோ என்று நினைத்தபடியே கதவை இழுத்தேன்.

உள்ளே, பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்த ஒரு செல்போனின் வெளிச்சம். ஜோசப் சுவரில் முதுகை முட்டுக்கொடுத்து, மண்டி போட்டபடி கிடார் வாசித்துக்கொண்டிருந்தான். ஸ்டெல்லா கண்ணை மூடி, மூலையில் சாய்ந்து பாடிக்கொண்டிருந்தாள். சைரன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு சின்னக் குச்சியால் கிண் கிண் என்று தட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தார்.

"கடேசி வரி," என்றார். "சத்தம் போடாத."

ரகசியம் பேசுகிற குரலில் சொன்னார். அந்தத் தொண்டைக்குள் அப்படி ஒரு குரல் இருந்தது யாருக்கும் தெரியாது. பெட்டிக்குள் ஆள் இருந்ததைவிட அதுதான் டிரைவரை உலுக்கிவிட்டது. அவர் கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு பாட்டு முடிகிற வரை நின்றார்.

"தூக்குனது தெரியலையா சார்?" என்று பிறகு கேட்டேன்.

"தெரிஞ்சிது. கதவு சாத்துனதும் தெரிஞ்சிது. ஜோசப்பு எந்திரிக்கப் பாத்தான். ஸ்டெல்லாதான் கண்ணத் தொறக்கல. மொத தடவ அது கூச்சத்த மறக்காம, பயத்த மறந்து பாடிச்சு. அத்தப் போயி எப்டி நிறுத்துறது?"

"மூச்சு முட்டிச் செத்திருப்பீங்க."

"ஆமா," என்றார். சைலோஃபோனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குச்சிகளை மறந்துவிட்டு நடந்தார்.

மேனேஜர் விசாரித்தார். ஸ்டெல்லாவுக்கும் ஜோசப்புக்கும் வேலை போயிருக்க வேண்டியது. சைரன் உள்ளே போய், "ரெண்டு பேரும் வேணான்னு சொன்னாங்கோ. நான்தான் மெரட்டி இட்டுகினு போனேன்," என்றார். அவர் மிரட்டினார் என்றால் நம்பாத ஆள் உண்டா? அவரை மட்டும் மாதவரம் குடோனுக்கு மாற்றினார்கள். அங்கே மூட்டைதான், பெட்டி கிடையாது. பூனை பேட்ஜோடும் சைலோஃபோனோடும் பஸ் ஏறினார்.

கேசட்டை அவர் வீட்டில்தான் தயாரித்தார். பர்மா பஜாரில் பழைய காலி கேசட் தேடி வாங்கி, ராயபுரத்தில் தன் சமையலறையில் உட்கார்ந்து அட்டை ஒட்டினார். அட்டையில் கண்ணும் வெட்கமும் உள்ள ஒரு லாரி. ஸ்வீடனில் அப்படி ஒரு புருஷன் பெண்டாட்டி கம்பெனிக்கு ஒன்று அனுப்பினார். பாட்டு அவர்களுக்குப் பிடித்துப்போய், தாங்களும் கொஞ்சம் போட்டு விற்கிறோம் என்றார்கள். கூடவே ஒரு சந்தேகம். இரண்டாவது சரணத்தில் 'டங்' என்று விழுகிறதே, அது எந்த டிரம்? பெட்டி டிரெய்லரில் இறங்கிய சத்தம் அது. "தொழில் ரகசியம்" என்று பதில் போட்டுவிட்டார்.

ஸ்டெல்லா இன்னும் எங்கள் எடை மேடையில்தான் இருக்கிறாள். அதே மெல்லிய குரல். வித்தியாசம் ஒன்றுதான். இப்போது டிரைவர்கள் இன்ஜினை அணைத்துவிட்டு, இறங்கி ஜன்னலுக்குக் கிட்டே வந்து எடையைக் கேட்டுக்கொள்கிறார்கள்.

போன வாரம் சைரன் மாதவரத்திலிருந்து போன் செய்தார். அடுத்த கேசட்டுக்குக் கை தட்ட ஆள் வேண்டுமாம்.

"எனக்குத் தாளமெல்லாம் வராது சார்."

"தாளம் வர்றவன் வேணாம். நீதான் வேணும், சனிக்கெயம வா."

நான் இப்போது குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு தினமும் கை தட்டிப் பழகுகிறேன். பெண்டாட்டி என்ன ஆச்சு என்று கேட்டாள். சனிக்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.