ரெண்டு காதும் ஒரு கரடியும்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிற அத்தனை பேரும் அந்த அட்டையில் திருட்டு முழி முழிப்பதற்கு ஒரே ஒரு மனிதர்தான் காரணம். கவரைப்பேட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ரெண்டு காது அண்ணன்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. ஸ்டுடியோ போர்டில்கூட இருந்தது. வெயிலில் அது வெளுத்துப்போனபோது யாரும் தேடவில்லை. பாஸ்போர்ட் சைஸ் படத்துக்குப் போனால் ஸ்டூலில் உட்காரவைத்து, தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்புவார். "ரெண்டு காதும் தெரியணும். சிரிக்காத. மூச்சு வுடாத" என்பார். மூச்சு விடாமல் எவ்வளவு நேரம்தான் இருப்பது? நமக்குக் கண் பிதுங்கும் நேரம் பார்த்துத்தான் கிளிக் செய்வார். நான் பைப் கம்பெனியில் சேர்ந்தபோது அவர் எடுத்துக் கொடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, கேட்டில் இருந்த செக்யூரிட்டி பல நாள் என் சாப்பாட்டுப் பையை மட்டும் தனியாகச் சோதித்தார்.

இப்படி மனித முகங்களை வதைத்து வாழ்ந்தவருக்கு ஒரே ஒரு காதல் இருந்தது. மலை. ஆரம்பாக்கம் தாண்டி, ஆந்திர எல்லைக்கு அந்தாண்டை வனத்துறை பராமரிக்கிற மலைப் பூங்கா. அவருக்கு அது மாமியார் வீடு மாதிரி என்று சொல்லலாம். ஆனால் மாமியார் வீட்டுக்கு அவர் அவ்வளவு ஆசையாகப் போய் நான் பார்த்ததில்லை.

பங்குனி பிறந்தால் கம்பெனிகளில் புது ஆட்கள் எடுப்பார்கள். ஸ்டுடியோ வாசலில் கூட்டம் நிற்கும். ஷட்டர் மூடியிருக்கும். அதன்மேல் சாக்பீஸில் எழுதியிருக்கும்: 'மலைக்குப் போயிருக்கிறேன். அவசரம் என்றால் மலைக்கு வரவும்.'

"கல்யாணத்தப்போகூட என் மூஞ்சிய இவ்ளோ நேரம் பார்த்துக்கினு நின்னதில்ல இந்த மன்ஷன்" என்று அண்ணி அலுத்துக்கொள்வார். அலுத்துக்கொண்டே புளிசோறு கட்டிக் கொடுப்பார்.

என்னிடம் பைக் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை லீவு இருந்தது. மாட்டேன் என்று சொல்லத் தெரியாத வாய் ஒன்றும் இருந்தது. ஆகவே நான் அவருக்கு அசிஸ்டென்ட் ஆனேன்.

பங்குனியில் அந்த மலையைப் பார்க்க வேண்டும். முருக்கு மரம் ஒரு இலைகூட இல்லாமல் உச்சிவரை சிவப்பாகப் பூத்து நிற்கும். புங்க மரத்தில் புதுத் தளிர் மினுக்கும். வேறு யாராக இருந்தாலும் நாலு அடி பின்னால் போய் மலையோடு சேர்த்து எடுப்பார்கள். அண்ணன் கேமராவை நட்டுக்குத்தலாகத் திருப்பி, மரத்தை நட்ட நடுவில் நிறுத்தி, மேலே கொஞ்சம் கீழே கொஞ்சம் இடம் விட்டு எடுப்பார். படத்தைப் பார்த்தால் மரம் கான்ட்ராக்ட் வேலைக்குச் சேர வந்தது போல இருக்கும்.

மயில் தோகை விரித்து ஆடும். அது முகத்தை நேராகக் காட்டும்வரை காத்திருப்பார். அது காட்டுவதற்குள் தோகையை மடக்கிவிடும்.

"அண்ணே, தோகை போச்சேண்ணே!"

"தோகை இன்னாத்துக்குபா? தோகைய வெச்சா ஆள அடையாளம் கண்டுபுடிப்பாங்க? மூஞ்சிதான் முக்கியம்."

"அப்ப குருவிக்கு? அதுக்கு ஏதுண்ணே காது?"

"இருக்குது, வெளிய தெரியாது. அதான் பேஜாரு" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். வெள்ளை வேட்டியைத்தான் பொறுக்க முடியவில்லை. பாஸ்போர்ட் படத்துக்குப் பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டுமல்லவா? காட்டுக்கும் அதே சட்டம். ஒரு எட்டு முழ வேட்டியை என்னிடம் கொடுத்து, பறவை உட்காரப்போகும் கிளைக்குப் பின்னால் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்வார். எந்தப் பறவை வரும்? முதல் தடவை வந்தது வனக்காவலர்தான். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிறவர்.

"ஏமண்டி, இக்கட பட்டலு ஆரேஸ்துன்னாரா? துணி காயப்போட எங்க காடுதான் கெடச்சுதா?"

"பேக்கிரவுண்டு சார்" என்றார் அண்ணன் பணிவாக.

காவலர் என்னைப் பார்த்து, தலைக்குப் பக்கத்தில் விரலைச் சுற்றி, "ஈயனகி பிச்சா?" என்று கேட்டார். பைத்தியமா என்று கேட்கிறார் என்பதைப் புரிந்துகொள்ள எனக்குத் தெலுங்கு தேவைப்படவில்லை. ஆனால் அடுத்த வருஷத்திலிருந்து எங்களை எங்கே கண்டாலும் கூடவே வர ஆரம்பித்தார். அவருக்கும் பொழுது போக வேண்டாமா?

அண்ணனுக்குத் தீராத ஆசை ஒன்று இருந்தது. கரடி. "ஒரே ஒரு கரடி. நேரா நம்மளப் பார்க்கணும், ரெண்டு காதும் நட்டுக்கினு நிக்கணும். அது கெடச்சா கேமராவ மூட்டை கட்டிடுவேன்டா" என்பார். இலுப்பைப் பூ தின்ன பங்குனியில் கரடி இறங்கும் என்று காவலர் சொல்லியிருந்தார். வருஷா வருஷம் போனோம். ஒருமுறை அது போட்ட சாணியைத்தான் பார்த்தோம். அண்ணன் அதையும் நடுவில் வைத்து நேராக எடுத்தார்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்போதுதான் விடிந்திருந்தது. இலுப்பை மரத்தடியெல்லாம் பூ உதிர்ந்து, காடே பாகு காய்ச்சினது போல மணத்தது. மேலே ஒரு மாங்குயில் கூவியது. அண்ணனுக்கு ஆசை வந்துவிட்டது. தாழ்ந்த கிளைக்குப் பின்னால் என்னை நிறுத்தினார். வேட்டியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தேன். எனக்கு முன்னால் வெறும் வெள்ளை. அந்தப் பக்கம் அண்ணனும் காவலரும் நிற்கிறார்கள். கை கடுக்க ஆரம்பித்தது.

"இன்னாண்ணே, குயில் எறங்குச்சா?"

"அசையாத" என்று கிசுகிசுத்தார். "வேட்டிய எறக்காத. மூச்சு வுடாத."

வழக்கமாகச் சொல்வதுதானே என்று நின்றேன். பின்னால் சருகு நொறுங்கியது. யாரோ கடைசிச் சொட்டு பாயசத்தை உறிஞ்சுவது போல ஒரு சத்தம். காட்டில் எவன் பாயசம் குடிப்பான்?

அடுத்த நொடி அண்ணன் கத்தினார். "ஏய்! இங்க பாரு! இங்க பாரு! கேமராவப் பாரு!"

டணார் டணாரென்று பாறையில் எதையோ அடிக்கும் சத்தம். வேட்டியை இறக்கிப் பார்த்தேன். கைக்கெட்டும் தூரத்தில் என்னைத் தாண்டி ஒரு கரிய முதுகு போய்க்கொண்டிருந்தது. எதிரே ரெண்டு காது அண்ணன், மடக்கி வைத்திருந்த கேமரா ஸ்டாண்டைத் தூக்கிப் பாறையில் அடித்து அடித்து, என்னைவிட்டு விலகிப் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்தார். கரடி அவரைத்தான் பார்த்தது. அவரை நோக்கித்தான் போனது. புளிசோற்றுப் பையை அதன்மேல் எறிந்தார். கால் இடறிப் பள்ளத்தில் விழுந்தார். காவலர் விசிலை ஊதிக்கொண்டே தடியால் மரத்தை அடித்தார். கரடி ஒரு கணம் நின்றது. பையை முகர்ந்தது. சீ என்று உறுமிவிட்டுப் புதருக்குள் போய்விட்டது.

பள்ளத்திலிருந்து அண்ணனைத் தூக்கினோம். கணுக்கால் பூசணிக்காய் போல வீங்கியிருந்தது. "வேட்டி கிழியலயே?" என்றுதான் முதலில் கேட்டார்.

காவலர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கரடி உன் பின்னால மரத்துக்குப் பக்கத்துல வந்து நேரா ஈயனதான் சூஸ்துந்தி, அண்ணனத்தான் பாக்குது. ரெண்டு காதும் நட்டுக்கினு. பட்டன் மேல வெரல வெச்சுட்டாரு. அப்புறம் உன்னப் பார்த்தாரு. கேமராவ வுட்டுட்டு ஸ்டாண்ட எடுத்துட்டாரு." இந்த முறை அவர் தலைக்குப் பக்கத்தில் விரலைச் சுற்றவில்லை.

விஷயம் எங்களுக்கு முன்னாலேயே ஆரம்பாக்கம் டீக்கடைக்கு வந்துவிட்டது. "கரடியாமே! படம் எங்கண்ணே?" என்று சூழ்ந்துகொண்டார்கள்.

"பேட்டரி பூட்ச்சுபா, இன்னா பண்றது" என்று அண்ணன் டீயை உறிஞ்சினார்.

கேமரா என் மடியில் இருந்தது. சத்தமில்லாமல் ஆன் செய்து பார்த்தேன். பேட்டரி முழுசாக இருந்தது. அணைத்துப் பைக்குள் வைத்தேன்.

அங்கிருந்து கவரைப்பேட்டைவரை நான் ஓட்டிய வேகத்துக்குச் சைக்கிள்காரர்கள் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். உடைந்த ஸ்டாண்டை மடியில் வைத்துக்கொண்டு, பின்னாலிருந்து அண்ணன் என் முதுகில் தட்டினார்.

"இன்னாடா, மாட்டு வண்டியா ஓட்ற?"

உங்கள் கால் அதிரக் கூடாது என்று சொல்ல வாய் வரவில்லை. "ரோடு சரியில்லண்ணே" என்றேன்.

புத்தம் புதிதாகப் போட்ட ரோடு அது.